ஆடிச்சுற்றில் அகப்பட்ட கண்ணாடி அணு

சங்கரன்கோவிலுக்கு நான் போனது சாமி கும்பிட அல்ல, முருகேசனைப் பிடித்து வர. சென்னையில் எங்களுக்கு ஒரே ஆய்வகம், ஒரே அறை. கடுங்குளிரில் கண்ணாடிக்குள் அணுக்கள் என்ன செய்கின்றன என்று கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. கடைசிக் கணக்கு ஏறுமாறாக வந்ததும், ஆடித்தபசுத் திருவிழாவைச் சாக்குச் சொல்லி ஊருக்குப் போனவன் போனையே எடுக்கவில்லை. படிப்பை விட்டுவிடுவானோ என்று பயந்து செங்கோட்டை போகும் இரவு வண்டியில் ஏறினேன். திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

காலையில் இறங்கி ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன். பை கனக்காவிட்டால் நடந்தே போகலாம். “திருவிழாக் கூட்டம், முன்னாடியே எறக்கிவிட்டுருதேன்” என்றார் ஆட்டோக்காரர்.

தபசுக்குக் கொடி ஏறியதும் நேர்ந்துகொண்டவர்கள் நூற்றெட்டு முறை கோயிலைச் சுற்றுவது இங்கே வழக்கம். ஆடிச்சுற்று என்பார்கள். முருகேசனும் அவன் அம்மாவோடு சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான் பாருங்கள், திட்ட வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

“நான் வரலலே. அப்பாவோட பூக்கடையப் பாத்துக்கிடுதேன்” என்றான்.

நானும் கூடவே நடந்தேன். “இவன் அங்கன என்னதான் பாக்கான்? நீயாவது சொல்லு மக்கா” என்று கேட்டார் அம்மா.

“குளிர்ல எல்லாம் உறைஞ்சு அடங்கிடும்னு நினைப்போம்மா. கண்ணாடியில சில அணுக்கள் அடங்காது. நடுவுல சுவர் மாதிரி ஒரு தடை இருந்தாலும், ஏறிக் குதிக்காமலே அந்தப் பக்கம் போயிடும். குவாண்டம் டனலிங்னு பேரு. அதைக் கணினியில காட்ட, ஒரு அணுவை மணி கோத்த வளையமா வைப்போம். குளிர் கூடக் கூட மணியும் கூடணும்...”

முருகேசன் சட்டென்று நின்றான். பின்னால் வந்தவர் அவன்மேல் மோதிக்கொண்டு முணுமுணுத்தார்.

“ஏலே, குளிரக் கூட்டுனேன். மணியக் கூட்டலையே!”

பழைய கணக்கை நகலெடுத்து வெப்பநிலையை மட்டும் மாற்றியிருக்கிறான். மணி போதாததால்தான் அணுக்கள் தடைக்கு இந்தப் பக்கமே கிடந்திருக்கின்றன. எங்கள் வேலையில் யாருக்கும் நேரக்கூடிய தப்புதான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லேப்டாப் என் பையில் இருந்தது. அவன் பையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். “நேந்த சுத்து பாதியில நிக்கப்படாது, நடலே” என்றார் அம்மா. நடந்தான். யப்பா, என்ன வேகம்!

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கூட்டம் ஆகாதென்றால் தபசு நாளைத் தவிருங்கள். வெயிலேறினால் கல் சுடும், விடியற்காலையே நல்லது. இந்த ஊர் மட்டன் பிரியாணியை விட்டுவிடாதீர்கள். விரதக்காரன் கூட இருந்தால் அவன் கண்ணில் படாமல் சாப்பிடுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். யாரையாவது அழைத்து வரப் போகிறீர்கள் என்றால் இரண்டாகவே எடுங்கள். இதை எழுதும்போது வண்டி ராஜபாளையத்தைத் தாண்டிவிட்டது. எதிர் இருக்கையில் முருகேசன் மணிகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.