இன்று முதல்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு அவர் 'ஸ்டூல்'. மேலாளர் அறை வாசலில் இருபத்தாறு வருடமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். பெல் அடித்தால் எழுவார், கோப்பு சுமப்பார், அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை குத்துவார். நேற்றுச் சேர்ந்தவர்கள்கூட "ஸ்டூல், இங்க வா" என்பார்கள். அவரும் போவார். அதற்கெல்லாம் கோபம் வந்த காலம் ஒன்று இருந்தது. அது மூட்டுவலி வருவதற்கு முன்பு.

விழிப்புணர்வு நாட்கள் அத்தனையும் அவர் தலையில்தான் விடியும். கை கழுவும் நாள், ரத்த தான நாள் என்று பேனர்கள் சுருட்டியபடி அலமாரி மேல் கிடக்கும். கட்டுவதும் அவர், அவிழ்ப்பதும் அவர். போன வருடம் முதியோர் நாளுக்கு, ஐம்பத்தெட்டு வயதில், முழங்காலில் பட்டையோடு ஏணியேறிக் கட்டியவரும் அவர்தான். அதிலிருந்த வேடிக்கை யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த வருடம் தலைமை அலுவலகம் புதிதாக ஒன்றை அனுப்பியது: சம மரியாதை நாள், வெள்ளிக்கிழமை. அன்று காலை மேலாளர் தட்டச்சுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசகம் சொன்னார்: "இன்று முழுவதும், பதவி வித்தியாசம் பார்க்காமல் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டும்." வாசலில் இருந்தவர் காதில் தெளிவாக விழுந்தது. அந்தப் பெண்ணோ ஒரு காதில் வாடிக்கையாளரின் போனை இடுக்கிக்கொண்டு அடித்தாள். மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அது அவர் வழக்கம்.

பலகையில் குத்தப் போனபோதுதான் அவர் பார்த்தார். 'இன்று முழுவதும்' இருக்க வேண்டிய இடத்தில் 'இன்று முதல்' என்றிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் திங்கட்கிழமை அவர் மகள் அதே அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்கிறாள். தேர்வெழுதித் தானாக வாங்கிய வேலை. ஆர்டர் வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் கால் தரையில் படவில்லை. அவருக்கு மட்டும் ஒரு பயம். அவள் எதிரில் யாராவது "ஸ்டூல், வா" என்றால்? அதை மட்டும் அவரால் தாங்க முடியாது. இரண்டு குண்டூசி போதுமான இடத்தில் ஆறு குத்தினார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சிரித்துச் சிரித்து "வாங்க, போங்க" என்றார்கள். பாலிசிப் பிரிவு ஆள் "ஸ்டூல் அவர்களே" என்று கும்பிடே போட்டார். மாலையில் அவர் பேனரை அவிழ்த்தார். சுற்றறிக்கையைத் தொடவில்லை.

திங்கட்கிழமை மகள் சேர்ந்தாள். உள்ளே வரும்போதே பலகையில் இருந்த சுற்றறிக்கையை நின்று படித்தாள். மேலாளர் மாற்றலாகி வந்து நாலு மாதம்தான். அவள் யார் மகள் என்று அவருக்குத் தெரியாது. அவளை எதிரே உட்காரவைத்துப் பேசிக்கொண்டே பெல்லை அடித்தார்.

"ஸ்டூல், இந்தப் பொண்ணோட ஃபைல எடுத்துட்டு வா. என்ன மசமசன்னு நிக்கிற?"

மகள் எழுந்தாள். குரல் உயரவில்லை.

"நீங்க உக்காருங்கப்பா. எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் எடுத்துட்டு வர்றேன்."

மேலாளர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்க பொண்ணா? முதல்லயே சொல்லியிருக்கலாமே நீங்க" என்றார்.

அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து மகள் அவரை 'நீ' என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். "நீ சாப்பிட்டியா" என்று அவள் அதட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இன்றைக்கோ வராந்தாவில் கடக்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" என்றாள். யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவது போலிருந்தது. அவருக்கு வலித்தது.

மாலையில் பஸ் நிறுத்தத்திலும் அவள் விடவில்லை. "கால் வலிக்கும், உக்காருங்கப்பா."

அவர் உட்காரவில்லை. "அந்தச் சுற்றறிக்கை ஆபீஸுக்குத்தாம்மா" என்றார். "நம்ம வீட்டுக்கு வரல."

பஸ் வந்து நின்றது.

"சரி, ஏறுப்பா" என்றாள்.