யார் வேண்டுமானாலும் பாடலாம்

எனக்கு நயமாகப் பேச வராது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதியவர். தானே மெட்டுப் போட்டுத் தானே பாடுவார். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு குரல் கீழே இறங்கிவிட்டது. அந்தக் குரலுக்கு ஏற்றபடி புதுப் பாட்டுகள் எழுதி, போன லெந்துத் தவக்கால நாட்களில் தில்லை நகர் ஸ்டூடியோ ஒன்றில் ஆல்பமாகப் பதிவு செய்தார்.

ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. "குரல் தேய்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பாடிவிடக்கூடிய மெட்டுகள். பழைய உயரம் எங்கே?" யூடியூபில் ஒருவன், "ஐயா, ஓய்வெடுங்கள்" என்று எழுதியிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை உடைத்திருப்பேன். அவரோ, "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்று சொல்லி ஆர்மோனியத்தை மூடித் துணி போட்டுவிட்டார். அதோடு சரி. வீட்டு ஜெபத்தில்கூடப் பாடவில்லை. அவர் பாட்டுச் சத்தத்தில் கண் விழித்துப் பழகிய எனக்கு விடியவே பிடிக்கவில்லை.

நான் கெஞ்சி ஜெபிக்கவில்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, பழைய குரலைத் திருப்பிக் கொடும். இல்லாவிட்டால் எழுதினவன் வாயை அடைத்துப்போடும்" என்றேன். இரண்டும் நடக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து, எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்து ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் சாங் உங்க புதுப் பாட்டுதான். நீங்க சும்மா வந்து உக்காருங்க, நாங்க பாடிக்கிறோம்."

"நீங்களா?"

"பின்ன? உங்க பழைய பாட்டை எட்டிப் பாடினா எங்களுக்கு இருமல்தான் வருது. இது எங்க தொண்டைக்கு எட்டுதுண்ணே. புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போனப்ப பாடினோம். ஸ்ரீரங்கத்துலேருந்து வந்து படுத்திருந்த ஒரு அம்மா, மூச்சு வாங்கிக்கிட்டே கூடப் பாடினாங்க."

அவள் போன பிறகு, "அந்த வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணி வை" என்றார்.

எங்கள் சபையில் ஸ்பெஷல் சாங் என்றால் முன்னால் நிற்பவர் பாடுவார், மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அவரை அப்படித்தான் இத்தனை வருடமும் கேட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவும் மற்றப் பெண்களும் பாட, முதல் சரணம் முடிவதற்குள் பின்வரிசை எழுந்து நின்று சேர்ந்துகொண்டது. பிறகு முழுச் சபையும். இரண்டாம் சரணத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே நானும் பாடினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரோடு சேர்ந்து பாடியதே கிடையாது. அவர் சுருதி எனக்கு எட்டாது.

நான் கேட்ட குரலை ஆண்டவர் தரவில்லை. எனக்குக் கேட்கவே தோன்றாததைத் தந்தார். இப்போது காலையில் இரண்டு பேரும் பாடுகிறோம். நான் சுருதி விட்டால் சிரிக்கிறார்.

விமர்சனம் எழுதிய தம்பி மேல் எனக்குக் கொஞ்சம்தான் கோபம் மிச்சமிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பாடலாம் என்று அந்தத் தம்பி எழுதியது உண்மைதானே.

உங்கள் வீட்டிலும் யாராவது வாயடைத்துக் கிடந்தால், சண்டை போட்டாவது கேளுங்கள். நம் ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார். என்னையே பொறுத்துக்கொண்டாரே.