ஒரே மாத்திரை, இரண்டு தம்பிகள்

தொண்ணூறுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் போதை ஊசியில் விழுந்தவர்கள் பலர். என் இரண்டு தம்பிகளும் விழுந்தார்கள். பெரியவனுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. சின்னவன் தோப்பும்படி துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவன். குளியலறைக் கதவை அவர்களில் யார் சாத்தினாலும் என் காது அங்கேதான் இருக்கும்.

சில வருடம் கழித்து ஒரு சிகிச்சை மையம் வந்தது. தினமும் காலையில் போனால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பார்கள். கரையும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஊசிக்கான தவிப்பை அது அடக்கும் என்றார்கள். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தார்கள். இருவருக்கும் ஒரே அளவு.

பெரியவன் இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டான். சின்னவனுக்கோ மதியம் தாண்டினால் கொட்டாவி, மூக்கொழுகல், எலும்பு வலி; ஊசி கிடைக்காத நாட்களில் வருகிற அதே தவிப்பு.

"மாத்திரையத் துப்பி யாருக்காச்சும் விக்கிறியாடா?"

"இல்லக்கா. எனக்குப் பத்தல."

"மூத்த சேட்டனுக்கு அதே அளவு போதுது. உனக்கு மட்டும் பின்ன என்ன?"

விற்கிறான் என்றே முடிவு செய்தேன். அவன் சட்டைப் பையைத் துழாவினேன். மையத்து நர்ஸும் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். பெரியவன் அவனோடு பேசுவதையே நிறுத்தினான்.

ஒருநாள் நான் வேலை பார்த்த தையல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு போனேன். மாத்திரை கரையும்வரை எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தேன். வீட்டுக்குக் கூட்டிவந்து, வாசலை மறித்து உட்கார்ந்து மீன் ஆய்ந்தேன். கக்கூஸுக்குப் போனபோதும் வெளியே நின்றேன்.

மூன்று மணிக்கு அவன் கண்ணில் நீர் வழியத் தொடங்கியது. நடிக்கிறானோ என்று கையைப் பிடித்துப் பார்த்தேன். ரோமம் முழுக்கச் சிலிர்த்து நின்றது. அதை எப்படி நடிப்பது? அப்படியே ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

"சேச்சி, ஒரே அம்மையோட பிள்ளைங்கன்னாலும் பிறப்புல கிடைச்சது ஒண்ணா இருக்காது," என்றார் அவர். "சிலரோட உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைச்சு வெளியே தள்ளிடும். இவன் அந்த மாதிரி ஆளா இருக்கலாம். உறுதியாச் சொல்ல இங்க டெஸ்ட் இல்ல. அளவை மாத்திப் பார்ப்போம்."

கண்ணால் பார்த்திருந்தும் நான் அவரையும் நம்பவில்லை. தம்பி இவரையும் ஏமாற்றிவிட்டான் என்றே ஆட்டோவில் திரும்பும்போது நினைத்தேன்.

அளவைக் கூட்டி, காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பத்து நாள் இருக்கும். வேலைக்குப் போய் வந்தவன் பசிக்கிறது என்றான். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கித் தின்றான். பெரியவன் தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவனுக்கு வைத்தான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மாதங்கள் கழித்து அவனே ஒருநாள் சொன்னான்: "எல்லாரும் சொன்னதுல எனக்கே சம்சயம் வந்துடுச்சுக்கா. தெரியாம எங்கயாச்சும் துப்பிடறேனோன்னு நினைச்சேன்."

அன்று முழுவதும் அவன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.