எதிரே வந்தவர்கள் அடித்த லைட்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். வண்டி சொந்தம். போன வருடம் அதற்குக் கனமான இரும்பு பம்பர் ஒன்று மாட்டினேன். அழகுக்குத்தான், வேறு காரணம் இல்லை. அந்தக் கனத்தில் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது.

பாடாலூர் ஸ்பிரிங் பட்டறை பாய் குனிந்து பார்த்தார். "பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை சேத்தா போதும்ங்க."

"ரெண்டா போடுங்க பாய். முன்னாடி நிமிந்து நிக்கணும்."

"போடுறேன். ஆனா லைட்டும் மேல பாக்கும். மறக்காம எறக்கி வச்சிக்கங்க."

சரி என்றேன். செய்யவில்லை.

அந்த வாரம் இருட்டினால் போதும், எதிரே வருகிறவர்களெல்லாம் லைட் அடித்தார்கள். புது பம்பரைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று நினைத்து, நானும் பதிலுக்கு அடித்தேன்.

ஒரு நாள் லாரியை என் மச்சான் எடுத்துப் போயிருந்தான். நானும் மனைவியும் விக்கிரமங்கலத்திலிருந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. எதிரே வந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. ரோடே தெரியவில்லை. லைட் அடித்துக் காட்டினேன். அவனும் பதிலுக்கு அடித்தான். பைக்கோடு மக்காச்சோளக் காட்டுக்குள் விழுந்தோம். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

"எந்த நாசமாப் போனவன் வண்டியோ!" என்று சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள் மனைவி.

நிமிர்ந்து பார்த்தேன். போய்க்கொண்டிருந்த லாரியின் பின்பக்கத்தில், மஞ்சள் பெயின்ட்டில் எங்கள் மகளின் பெயர்.

மறுநாளே லைட்டை இறக்கிவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் ரோட்டை விட்டு இறங்கினார்களோ, தெரியாது. லைட் அடித்துவிட்டுப் போன நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.