பழுதாகாத கேம் பெட்டி

வீட்டு வேலை முடிந்ததும் கேம் பெட்டியை டிவியில் இணைத்துக் கார் பந்தயம் ஆடுவேன். நாற்பத்தெட்டு வயதில் இதை வெளியே சொல்ல வெட்கம்தான். என் தம்பி துபாயிலிருந்து எனக்கென்றே கொண்டுவந்த பெட்டி அது.

பழைய டிவி கெட்டுப்போனதும், வள்ளியூரில் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனாரிடம் பெரிய டிவி வாங்கினோம். அதில் கேம் படம் மங்கிக் கலங்கலாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால் கார் தாமதமாகவே திரும்பியது. கொழுந்தனாரை வரவழைத்தோம்.

"டிவில ஒரு கொறையும் இல்ல மதினி. பெட்டிதான் போயிட்டு. குடுங்க, பழைய சாமானோட தள்ளிருதேன்" என்றார்.

இன்னொரு தடவை பாருங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொந்தக்காரரைச் சந்தேகப்பட்டது போலாகிவிடுமே என்று கொடுத்துவிட்டேன்.

போன மாதம் அவர் புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனோம். கூடத்தில் எங்கள் வீட்டில் இருப்பது போன்ற அதே டிவி. அதில் என் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சாலையோர மரத்தின் இலைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"உங்க பெட்டிதான் பெரியம்மா! டிவி செட்டிங்ல கேம் மோடு போட்டாப் போதும், படமும் தெளிஞ்சிரும், காரும் உடனே திரும்பும். கொண்டுவந்த அன்னைக்கே அப்பா போட்டாவ" என்றாள் அவர் மகள்.

கொழுந்தனார் சிரித்தார். "பேரன் எடுக்கிற வயசுல மதினிக்கு எதுக்கு கார் ரேசு?"

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது டிவியோ போனோ மக்கர் செய்தால், முதலில் செட்டிங்கைத் திறந்து நானே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். தீராவிட்டால் என்னை யாரென்றே தெரியாத கடைக்குப் போகிறேன். அங்கே எத்தனை கேள்வி கேட்கவும் எனக்குக் கூச்சமில்லை.