அண்ணிக்குப் போட்ட லீவு

சித்திரை வெயிலில் உப்பளத்துக்காரன் லீவு போட்டான் என்று சொன்னால் மரக்காணத்தில் யாரும் நம்பமாட்டார்கள். உப்பு நன்றாகக் கட்டுகிற காலமே அதுதான். ஒரு கோடை மழை வந்தால் பாத்தியில் இருப்பதெல்லாம் கரைந்து போகும். என் வீட்டுக்காரர் அங்கே மேஸ்திரி. என் தங்கை கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பைக்கை எடுத்தவர். கேட்டதற்கு, "சீசன்ல எப்டிம்மா லீவு போடறது?" என்றார். நானும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் தாம்பரத்திலிருந்து அவருடைய அண்ணன் குடும்பம் கடல் பார்க்க வந்தது. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். அந்த மனுஷன் மூன்று நாள் லீவு போட்டார். சீசனில்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு நாகரிகமாக வேறு பேர் இருந்தால் இருக்கட்டும், எனக்குத் தெரியாது.

முதல் நாள் விடிவதற்குள் அவர்களை உப்பளத்துக்கு அழைத்துப் போய்விட்டார். பாத்தித் தண்ணீரில் சூரியன் உதிப்பதைக் காட்டினாராம். மதியம் நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, "காத்து நல்லா அடிச்சாத்தான் அண்ணி உப்பு சீக்கிரம் கட்டும். மேல ஏடு மாதிரி மெல்லிசா வரும் பாருங்க, அதைக் கலைச்சி விடணும்" என்று விளக்கம் வேறு. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். வேலை விட்டு வந்தால் காலைக் கழுவி, சாப்பிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிற ஆள். இவ்வளவு பேசத் தெரியுமா இவருக்கு என்று கரண்டியோடு நின்றேன்.

இரண்டாம் நாள் கடற்கரை. கரைவலை இழுப்பதைப் பார்த்தார்கள், பிள்ளைகள் குளித்தார்கள், அனுமந்தையில் படகு வந்ததும் பிடித்த மீனை அப்படியே வாங்கிவந்தார்கள். அத்தனை மீனையும் ஆய்ந்தது நான். நான் திண்டிவனத்துக்கு உள்ளே தள்ளி, ஏரிப் பாசன ஊரில் பிறந்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் கடல் நடக்கிற தூரம்தான் என்றாலும், மாசி மகத்துக்குச் சாமி தீர்த்தவாரிக்குப் போகும்போது கூட்டத்தோடு போய்க் காலை நனைத்துவிட்டு வருவேன். அவ்வளவுதான் என் கடல்.

அன்று ராத்திரி கேட்டுவிட்டேன்.

"என்னை எங்கியாவது இப்டி இட்டுனு போயிருக்கீங்களா?"

"நம்ம ஊருல நீ பாக்காதது இன்னா இருக்குது?" என்றார்.

மூன்றாம் நாள் ஆலம்பரைக் கோட்டைக்குக் கிளம்பினார்கள். இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் கழிமுகம். படகில் மணல்திட்டு வரை கூட்டிப்போவார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. நல்ல புடவையைக் கட்டி, புளிசாதத்தைத் தூக்குச்சட்டியில் போட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாடகைக்குப் பிடித்திருந்த வேனில் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

படகுக்காரர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேருதாங்க ஏறலாம்" என்றார். நாங்கள் ஆறு பேர்.

என் வீட்டுக்காரர் சட்டென்று, படகில் ஏறப் போட்டிருந்த மிதவைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீ போயிட்டு வா. உனக்குத்தான ஆசை."

"எவ்ளோ நல்ல மனசு பாரு உன் வீட்டுக்காரருக்கு" என்றார் அண்ணி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தங்கமானவர், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. படகு ஆடியபோது பயந்து என் கையைத்தான் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பச்சையாக இருந்தது. மணல்திட்டில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்டத் தலையாட்டினேன். ஆனால் கரையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோட்டைச் சுவர் நிழலில் குந்தி, போனில் யாரிடமோ உப்பு லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். படகா எனக்குப் பெரிசு? பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணிக்குச் சொன்ன மாதிரி எனக்கும் அவர் ஏதாவது சொல்வார் என்றுதான் நான் வந்தது.

சாயங்காலம் ஈ.சி.ஆரில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டோம். அக்கா ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போனார். பஸ் மறைந்ததும் கேட்டேன்.

"நாளைக்கும் ஒரு நாள் லீவு போடுங்களேன். நாம ரெண்டு பேரும் அந்தப் படகுல போயிட்டு வரலாம்."

பைக்கில் சாவியைப் போட்டவர் திரும்பிப் பார்த்தார்.

"அதான் அண்ணி கெளம்பிட்டாங்களே, இன்னும் எதுக்கு லீவு?"

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் நடுரோடு என்றும் பார்க்காமல் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.