கூந்தல் தைலக் கம்பெனியின் பந்துக்காரி

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிய அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை எங்கள் கல்லூரியில் திரையிட்டார்கள். குட்டைப் பாவாடையுடன் மண்ணில் சறுக்கி விழுந்து அவர்கள் தொடைத் தோலை உரித்துக்கொண்டார்கள். முடியைக் குட்டையாக வெட்டக் கூடாது, உதட்டுச் சாயமில்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். "ஐயோ பாவம்" என்று என் வகுப்பினர் இரங்கினார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் திருத்தணியில் ஒரு கூந்தல் தைலக் கம்பெனிக்காக நானே சம்பளத்துக்கு சாஃப்ட்பால் ஆடியிருக்கிறேன். பேஸ்பாலுக்குத் தங்கை முறையாகும் ஆட்டம் அது.

அணிக்கு ஆளெடுத்த நாளில் ஓர் அம்மாள் எங்கள் பின்னல்களை நாடாவால் அளந்தார். சட்டைக்கு அளவெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். எனக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியாது. ஆனால் பின்னல் இடுப்பைத் தாண்டியது. தேர்வானேன். பந்து அதிகம் வராத வலது மூலையில் நிறுத்தப்பட்டேன்.

உண்மையிலேயே ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான்: எங்கள் அணிக்குப் பந்து வீசும் பிட்சர், என் பள்ளித்தோழி, மலையடிவாரத்துக் கூலிக் குடும்பத்துப் பெண். இடுப்புக்குக் கீழிருந்து அவள் வீசும் பந்து மட்டையை நெருங்கும்போது திடீரென்று எழும். இந்த வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் அவளை அத்தை மகனுக்குக் கட்டிவைப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்தப் பாவாவுக்குக் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை. பாவாமேல் அவளுக்கு வெறுப்பில்லை. வாழ்நாள் முழுக்க எச்சில் கிளாஸ் கழுவுவதில்தான் விருப்பமில்லை.

அவளுடைய அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். வேலை கிடைத்தது. மறுநாளே மகளை மலைக்கு அழைத்துப்போய் மொட்டையடித்து நேர்த்திக்கடனைத் தீர்த்தார். பந்து விளையாடச் சம்பளம் தருகிற கம்பெனி எதை விற்கிறது என்று அவர் கேட்கவில்லை. பின்னலைத் தொப்பிக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது முதல் பயிற்சியன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

சந்தனம் பூசிய தலையோடு அவள் மைதானத்துக்கு வந்தபோது எங்களில் யாரும் வியக்கவில்லை. எங்கள் ஊரில் மொட்டை ஒரு செய்தியே அல்ல. சென்னையிலிருந்து வந்த மேனேஜர்தான் தைலப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இது? நாம விக்கிறது முடித் தைலம். நீ இப்டி வந்து நிக்கிற!"

"வேண்டுதல் சார். உங்க வேலை கிடைக்கணும்னுதான்."

"வேற எதையாச்சும் வேண்டிக்கக் கூடாதா? தேங்கா கீங்கா?"

துணைக்கு வந்திருந்த அம்மா முன்னால் வந்தார். "சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியா நைனா? வேணும்னா மேல போய் நீயே கேட்டுப் பாரு."

மேனேஜர் அவளைப் பந்து வீசச் சொன்னார். எங்கள் பின்னல்கள் எங்களையே அறைந்துகொண்டிருக்க, கழுத்தில் எதுவும் ஆடாத அவள் ஒருவரையும் ஓடவிடவில்லை. அதற்காகவே அவளை வைத்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். முதலாளியிடம் போனில் பேசியபோது மேனேஜருக்குத் தோன்றியது வேறு: மொட்டையில் தொடங்கி மாதம் ஒரு விளம்பரப் படம், கையில் பாட்டில்.

அரக்கோணத்துச் சுவர்களில் அவள் தலை மாதாமாதம் கறுத்துக்கொண்டு வந்தது. தைலம் அவளுக்குத் தும்மலை வரவழைத்ததால் அம்மா அதை விளக்குக்கு ஊற்றினார். முடி தன்பாட்டுக்கு வளர்ந்தது. வேலை கிடைத்த பிறகும் சம்பந்தத்தை விட மனமில்லாத பாவா வீட்டாரும், பூ வைக்குமளவாவது முடி வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு முடியும்போது முடி தோளைத் தொட்டது. படங்கள் முடிந்தன, அவளுடைய வேலையும் முடியப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. பாவா வீட்டார் பூவும் பழமுமாக வந்து போனார்கள். அந்த வாரம், பயிற்சிக்குப் பிறகு, மேனேஜர் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார்.

"ஏம்மா, உங்கம்மாவுக்கு வேற வேண்டுதல் ஏதாச்சும் பாக்கி இருக்குதா?"

அவள் யோசிக்கவேயில்லை. "ஆங், இருக்குது சார். ஆனா இந்தத் தடவ படத்துக்கு இல்ல, பந்துக்குத்தான் சம்பளம்னு முதலாளி வாயால சொல்லணும். முடி வளந்தாலும் என்னை நிறுத்தக் கூடாது."

"கேட்டுகினு வரேன்," என்று போனார். முதலாளி சம்மதித்தார்.

கிருத்திகையன்று அவளுடன் மலையேறினேன். நாவிதர் முன் குனிந்து உட்கார்ந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "பாவா வூட்ல நீ சொல்லிடு. இன்னும் ரெண்டு வருசம் ஆவும். அவசரம்னா வேற பொண்ணு பாத்துக்கட்டும்."

அவசரமாகத்தான் இருந்திருக்கிறது. அடுத்த தை மாதம் பாவாவின் கல்யாணத்தில் நாங்கள் இருவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மணப்பெண்ணுக்கு நீளமான பின்னல். என் தோழி பரிசாகக் கொடுத்தது ஒரு பெட்டி தைலம்.